திரையில் நம்பர் நகரவில்லையா? கொஞ்சம் நின்று பாருங்கள்

(மின்சேவைகளைப் பயன்படுத்தும் பொதுமக்களுக்கான கூட்டம் ஒன்றில், மென்பொருள் நிரலாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு, திரையை மேலிருந்து கீழே இழுத்து இழுத்து, ‘இப்பவாவது மாறுதா?’ என்று பார்க்காதவர் இங்கே யாராவது உண்டா? பரீட்சை ரிசல்ட் வரும் நாள், ரயில் எந்த ஸ்டேஷனைத் தாண்டியது என்று பார்க்கும் நேரம், ஆஸ்பத்திரியில் டோக்கனுக்குக் காத்திருக்கும் நேரம். எல்லாருமே இழுத்திருக்கிறோம். நானும்தான்.

இப்போது பல பக்கங்களில் அப்படி இழுக்க வேண்டியதில்லை. டோக்கன் எண் தானாக மாறுகிறது. நாம் கூப்பிட்ட ஆட்டோ வரைபடத்தில் தானாக நகர்கிறது. உதவி மையத்துக்கு சாட்டில் ஒரு கேள்வி போட்டால், பதில் வந்து விழுகிறது. நாம் எதையும் தொடவில்லை, திரை தானே மாறுகிறது.

இது எப்படி நடக்கிறது? எப்போது நடக்காமல் போகிறது? அப்போது நாம் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றைத்தான் இன்று பேசப் போகிறேன். நடுவில் நானே செய்த ஒரு தப்பையும் சொல்லுவேன். அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டால்தான் பதில்

வலைத்தளம் என்பது ஆரம்பத்தில் படிப்பதற்கான ஏற்பாடு. செர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கி, 1991-இல் வெளியுலகத்துக்கு வந்தபோது அதன் வேலை எளிமையானது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கிறீர்கள், சர்வர் அந்தப் பக்கத்தைக் கொடுக்கிறது, அத்தோடு பேச்சு முடிந்தது. நீங்கள் மறுபடி கேட்டால்தான் அது மறுபடி பேசும். தானாக உங்களைக் கூப்பிட்டு, ‘ஐயா, நிலைமை மாறிடுச்சு’ என்று சொல்ல அதற்கு வழி கிடையாது.

படிக்கிற விஷயத்துக்கு இது போதும். டோக்கன் நம்பருக்கு எப்படிப் போதும்?

அதனால் நிரலாளர்கள் ஒரு குறுக்கு வழி வைத்தார்கள். நீங்கள் இழுப்பதற்குப் பதிலாக, பக்கமே ஐந்து விநாடிக்கு ஒரு தடவை சர்வரிடம் போய்க் கேட்கும். ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று மணிக்கு ஒரு தரம் பையனை அனுப்பிக் கேட்பது மாதிரி. பாமாயில் வரும்வரை பையன் நடந்துகொண்டே இருப்பான். கடைக்காரரும் ‘இன்னும் வரலப்பா’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பத்தாயிரம் பேர் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால், ஐந்து விநாடிக்கு ஒரு தடவை என்கிற கணக்கில், விநாடிக்கு 2,000 கேள்விகள். பெரும்பாலான கேள்விக்குப் பதில், ‘இன்னும் வரல.’

அடுத்து கொஞ்சம் புத்திசாலித்தனமான வழி ஒன்று வந்தது. பையன் கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு, திரும்பி வராமல் கடைத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவான். சரக்கு வந்ததும் கடைக்காரர் சொல்லுவார். அவன் வீட்டுக்கு ஓடிவந்து சொல்லிவிட்டு, மறுபடி போய் உட்காருவான். நிரலாளர்கள் இதை ‘லாங் போலிங்’ என்பார்கள். வீண் நடை குறைந்தது. ஆனாலும் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு ஓட்டம் மிச்சம் இருக்கிறது.

திறந்தே இருக்கும் லைன்

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு போன் லைனைப் போட்டு, அதைக் கட் பண்ணாமல் அப்படியே திறந்து வைத்தால்? கடைக்காரர் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். வீட்டிலிருந்தும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். பையனுக்கு ஓட்டமே இல்லை.

வலையில் அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் வெப்சாக்கெட். இணைய விதிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2011 டிசம்பரில், ஆர்.எஃப்.சி. 6455 என்ற எண்ணில் இதற்கான விதிகளை வெளியிட்டது. உங்கள் போனில் உள்ள பிரவுசர் முதலில் வழக்கம்போல ஒரு கேள்வியோடுதான் சர்வரிடம் போகும். ஆனால் கூடவே, ‘நாம இந்தப் பேச்சை வெப்சாக்கெட்டுக்கு மாத்திக்கலாமா?’ என்று கேட்கும். சர்வர் சம்மதித்தால் 101 என்ற எண்ணை அனுப்பும். ‘முறையை மாற்றுகிறேன்’ என்று அதற்கு அர்த்தம். அந்த நொடியிலிருந்து லைன் திறந்தே இருக்கும். இரண்டு பக்கமும் பேசலாம்.

இதில் ஒரு சிக்கனமும் உண்டு. பழைய முறையில் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னாலும் பின்னாலும் சில நூறு பைட் விலாசம், விவரம் எல்லாம் சேர்ந்து போகும். வெப்சாக்கெட்டில் ஒரு சின்னச் செய்திக்கு சர்வர் ஒட்டும் மேலுறை இரண்டே பைட். ‘42’ என்ற டோக்கன் எண்ணை அனுப்ப இதைவிட மலிவான வழி கிடைப்பது கஷ்டம்.

பாக்கெட் மாவு

லைன் இருக்கிறது சரி. அதை யார் பார்த்துக்கொள்வது? போனில் சிக்னல் போகும், வரும். வைஃபையை விட்டு வெளியே வந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறும். சில அலுவலக நெட்வொர்க்குகள் வெப்சாக்கெட்டை அனுமதிக்காது. இதையெல்லாம் ஒவ்வொரு நிரலாளரும் தானே எழுத ஆரம்பித்தால் வேலை முடியாது. அதற்குத்தான் லைப்ரரி.

லைப்ரரி என்றால் இங்கே புத்தகம் அடுக்கிய நூலகம் இல்லை. ஏற்கெனவே எழுதி, சோதித்து, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்படி வைத்திருக்கும் நிரல் தொகுப்பு. வீட்டில் மாவு ஆட்டாமல், கடையில் பாக்கெட் மாவு வாங்கி இட்லி ஊற்றுகிறோமே, அது மாதிரி. இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பிரபலமான பாக்கெட் மாவு ஒன்று உண்டு. பெயர் சாக்கெட்.ஐஓ. ரையன் டால் 2009-இல் நோட்.ஜேஎஸ் என்ற சர்வர் மென்பொருளை வெளியிட்டார். அதன்மேல் ஓடுவதற்காக, அர்ஜென்டினாவைச் சேர்ந்த கில்லெர்மோ ராவ்ச் 2010-இல் சாக்கெட்.ஐஓவை எழுதினார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

சர்வரில் உட்கார்ந்துகொண்டு இது முக்கியமாக ஐந்து வேலை பார்க்கிறது.

ஒன்று, வழி தேடுவது. வழக்கமான அமைப்பில் முதலில் அந்தத் திண்ணை முறையிலேயே தொடர்பைத் தொடங்கும். பிறகு வெப்சாக்கெட் வழி திறந்திருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் அதற்கு மாறும். இல்லையென்றால் திண்ணையிலேயே காலத்தை ஓட்டும். உங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டு, லைனில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது. போனில் பேசும்போது எதிர்ப்பக்கம் சத்தமே இல்லையென்றால், ‘ஹலோ, லைன்ல இருக்கீங்களா?’ என்று கேட்போம் இல்லையா? அதே வேலைதான். சர்வர் 25 விநாடிக்கு ஒரு தடவை ‘பிங்’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். உங்கள் பிரவுசர் ‘பாங்’ என்று பதில் தர வேண்டும். 20 விநாடிக்குள் பதில் வராவிட்டால் லைன் செத்துவிட்டது என்று சர்வர் முடிவு செய்யும். உங்கள் பக்கமும் அப்படித்தான். 45 விநாடிக்குப் பிங் எதுவும் வராவிட்டால், தொடர்பு போய்விட்டது என்று பிரவுசர் புரிந்துகொள்ளும். இந்த விநாடிகளை நிரலாளர் மாற்றிக்கொள்ளலாம். நான் சொன்னது மாவோடு வரும் அளவு.

மூன்று, அறுந்த லைனை மறுபடி ஒட்டுவது. ஏறக்குறைய ஒரு விநாடி கழித்து முதல் முயற்சி. அது பலிக்காவிட்டால் இடைவெளி கூடிக்கொண்டே போய், ஐந்து விநாடி வரை வரும். அந்த இடைவெளியும் ஒவ்வொரு போனுக்கும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஏன் தெரியுமா? கரண்ட் வந்ததும் தெருவில் எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் என்ன ஆகும்? மறுபடி ஃபியூஸ் போகும். அதே கதைதான். சர்வர் எழுந்த கையோடு பத்தாயிரம் போன் ஒரே நொடியில் வந்து விழுந்தால் அது மறுபடி படுத்துவிடும்.

நான்கு, ஆட்களை அறை பிரித்து வைப்பது. கண் மருத்துவர் வரிசைக்கு ஒரு அறை, எலும்பு மருத்துவர் வரிசைக்கு ஒரு அறை. கண் பிரிவில் நம்பர் மாறினால் அந்த அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் தகவல் போகும். எந்தப் போன் எந்த அறையில் இருக்கிறது என்கிற கணக்கு சர்வரிடம் மட்டுமே இருக்கும்.

ஐந்து, ஒப்புகை. தபாலில் ரசீது வாங்குவது மாதிரி. ‘நீ அனுப்பியது கிடைத்தது’ என்று எதிர்ப்பக்கம் சொல்லும். நிரலாளர் கேட்டு வாங்கினால்தான் இந்த ரசீது கிடைக்கும். கேட்காவிட்டால் இல்லை.

இந்த ஐந்தாவதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் மாவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், தட்டில் எண்ணெய் தடவ மறந்தால் இட்லி ஒட்டிக்கொள்ளும். அப்படி நான் மறந்த கதைதான் அடுத்தது.

41-லேயே நின்ற திரை

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் பக்கம் ஒன்று செய்து கொடுத்தேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது. புறநோயாளிகள் டோக்கன் வாங்கிவிட்டு, சீட்டில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணினால் போனில் பக்கம் திறக்கும். டாக்டர் அறையில் ‘அடுத்து’ என்று பட்டனை அமுக்கினால், எல்லார் போனிலும் நம்பர் மாறும். முதல் நாள் எல்லாரும் கை தட்டினார்கள். கூட்டம் வராந்தாவில் நெருக்கியடித்து நிற்காமல், வெளியே காற்றாட உட்கார்ந்தது.

இரண்டாவது வாரம் ஒரு பாட்டி, பேரனோடு வந்திருந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். டோக்கன் 58. பத்தரை மணிக்குத் திரையில் 41. ‘இன்னும் நேரம் இருக்கு’ என்று இருவரும் வாசலில் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். பேரன் அவ்வப்போது போனைத் திறந்து பார்த்தான். 41. மூடினான். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தான். 41. மூடினான். பன்னிரண்டு மணிக்குச் சந்தேகம் வந்து உள்ளே போனார்கள். பலகையில் 63 ஓடிக்கொண்டிருந்தது.

கவுன்டரில் இருந்தவர், “உங்க நம்பர் எப்பவோ போயிடுச்சே பாட்டி, கூப்பிட்டப்ப எங்க போனீங்க?” என்று கேட்டார். அன்றைக்கு நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். பாட்டி பேரன் கையிலிருந்த போனை வாங்கி என் பக்கம் நீட்டி, “தம்பி, போன்ல 41-னுதான காட்டுச்சு?” என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போனில் 41 என்றுதான் காட்டியது. அவர் சொன்னது முழுக்க உண்மை.

ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். நடந்தது இதுதான். மரத்தடிக்குப் போனதும் மருத்துவமனை வைஃபை அறுந்தது. மொபைல் டேட்டா பலவீனமாக இருந்தது. பையன் போனைப் பூட்டிப் பையில் போட்டதும், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் போன் அந்தப் பக்கத்தையே தூங்க வைத்துவிட்டது. திரும்பத் திறக்கும்போது, லைப்ரரி அறுந்த லைனை ஒட்டச் சில விநாடி ஆகும். ஒட்டியும் விட்டது. ஆனால் நான் எழுதிய நிரல், ‘அடுத்து’ பட்டன் அமுக்கும்போது மட்டும்தான் நம்பரை அனுப்பியது. அடுத்த நோயாளியைக் கூப்பிட இன்னும் நாலு நிமிஷம் ஆகும். பையன் பத்து விநாடி பார்த்துவிட்டு மூடிவிடுவான். அந்தப் பத்து விநாடியில் அவன் கண்ணுக்குத் தெரிந்தது எல்லாம், ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு வந்த பழைய 41.

லைன் அறுந்திருந்த நேரத்தில் சர்வர் அனுப்பிய நம்பர்கள் என்ன ஆயின? காற்றில் போயின. சாக்கெட்.ஐஓவின் வழக்கமான வாக்குறுதி, ‘அதிகபட்சம் ஒரு தடவை கொண்டு சேர்ப்பேன்’ என்பதுதான். ஒரு தடவைக்கு மேல் வராது. ஒரு தடவைகூட வராமலும் போகலாம். வழக்கமான அமைப்பில், அறுந்துபோனவருக்காகச் செய்திகளைச் சர்வர் எடுத்து வைக்காது. 2023-இல் வந்த 4.6 பதிப்பில், விட்டுப்போன செய்திகளைத் திரும்பத் தரும் வசதி ஒன்று சேர்த்தார்கள். அதை நிரலாளர் தனியாக இயக்க வேண்டும். இயக்கினாலும் வழக்கமான அளவில் இரண்டு நிமிஷம் வரைதான் காக்கும். வேப்பமரத்தடியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அது உதவாது.

இந்த விவரமெல்லாம் அந்த லைப்ரரியின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. நான் படித்தும் இருக்கிறேன். என் மேசையில் வைஃபை அறுவதே இல்லை என்பதால் எனக்கு அது உறைக்கவில்லை.

அன்றைக்கு ஒரு நர்ஸ் அக்கா உள்ளே போய்ப் பேசி, டாக்டர் எழுந்து போவதற்குள் பாட்டியைக் காட்டிவிட்டார். நல்லவேளை. ஆனால் யாரோ ஒருவருடைய இரக்கத்தை நம்பி ஒரு சேவையை நடத்தக் கூடாது.

மறுநாள் செய்த மாற்றங்கள் சின்னச் சின்னவை. போன் எப்போது இணைந்தாலும், சர்வர் முதல் வேலையாகப் பதிவேட்டைப் பார்த்து இப்போதைய நம்பரை அனுப்பும். நம்பருக்குக் கீழே ‘கடைசியாகப் புதுப்பித்த நேரம்’ தெரியும். லைன் அறுந்தால் நம்பர் மங்கி, ‘தொடர்பு இல்லை, உள்ளே உள்ள பலகையைப் பாருங்கள்’ என்று வரும். ஐந்து பேர் மிச்சம் இருக்கும்போது எஸ்எம்எஸ் போகும். கூப்பிட்டு வராதவர்களின் எண்களை மணிக்கு ஒரு தடவை வாயாலேயே மறுபடி கூப்பிடுவது என்று மருத்துவமனையும் முடிவு செய்தது. இருப்பதிலேயே அதிகம் பலன் கொடுத்தது கடைசி ஏற்பாடுதான். அதற்கு நிரலே தேவைப்படவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

இதிலிருந்து நமக்கு என்ன பாடம்? திரையில் ஒரு நம்பர் அசையாமல் நின்றால், அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. உங்கள் போனுக்குத் தெரியவில்லை என்றும் இருக்கலாம். உண்மையான கணக்கு சர்வரில், பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் திரைக்கு வருவது அதைப் பற்றிய தகவல் மட்டும்தான். தகவல் தாமதமாகலாம், தவறலாம். பதிவேடு அப்படியே இருக்கும்.

அதனால் சில பழக்கங்கள் நல்லது.

நேரலைப் பக்கத்தில் நம்பர் ரொம்ப நேரம் நகரவில்லை என்றால், பக்கத்தை ஒரு தடவை புதிதாகத் திறந்து பாருங்கள். பழைய பாணியில் இழுப்பதுதான். ஆனால் ஒரு தடவை போதும். நன்றாகச் செய்த பக்கம் புதிதாகத் திறக்கும்போது பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் வரும்.

வைஃபையிலிருந்து வெளியே வந்தால், லிஃப்ட்டில் ஏறினால், போனைப் பூட்டிப் பையில் போட்டால், அந்த லைன் அறுந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திறந்ததும் பத்து, இருபது விநாடி பொறுத்துப் பாருங்கள். உடனே மூடிவிடாதீர்கள்.

அடுத்தது மிக முக்கியம். பணம் கட்டும் பட்டன், விண்ணப்பம் அனுப்பும் பட்டன் இரண்டையும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பதற்காக மறுபடி மறுபடி அமுக்காதீர்கள். சிக்னல் இல்லாத நேரத்தில் நீங்கள் அனுப்புவதை சாக்கெட்.ஐஓ வழக்கமாக உங்கள் பிரவுசரிலேயே வரிசையாக எடுத்து வைத்திருக்கும். சிக்னல் வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். மூன்று தடவை அமுக்கியிருந்தால் மூன்று கோரிக்கை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, ஒரே கோரிக்கை இரண்டு தடவை வந்தால் ஒன்றாக எண்ணிக்கொள்வது நிரலாளரின் கடமை. எல்லாரும் அதைச் செய்திருப்பார்கள் என்று நம்பி நீங்கள் பணத்தை வைத்துப் பார்க்க வேண்டாம்.

பணம் போனதா என்பதற்குச் சாட்சி உங்கள் பேங்க் எஸ்எம்எஸ், கணக்கில் உள்ள பரிவர்த்தனைப் பட்டியல். விண்ணப்பம் பதிவானதா என்பதற்குச் சாட்சி ஒப்புகை எண். இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் மறு தடவை அமுக்குவதா இல்லையா என்ற பேச்சு. ஒப்புகை எண் வந்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நேரலை என்பதால் நிஜம் ஆகிவிடாது

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சாட் பெட்டியில் ‘அதிகாரி டைப் செய்கிறார்…’ என்று மூன்று புள்ளி ஆடும். உடனே பதில் வரும். பார்க்கிறவருக்கு எதிரே ஒரு மனிதர், ஒரு அலுவலகம் இருக்கிற நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் சாக்கெட்.ஐஓ கற்றுக்கொள்ள ஆரம்பிப்பவர்களுக்கு அதன் தளத்தில் தரப்படும் முதல் பாடமே ஒரு சாட் பக்கம் செய்வதுதான். ஒரு மத்தியானத்தில் செய்துவிடலாம். நல்லவரும் செய்யலாம், மோசடிக்காரரும் செய்யலாம்.

பூட்டு அடையாளமும் அப்படித்தான். உங்கள் போனுக்கும் அந்த முகவரிக்கும் நடுவில் போகிற பேச்சை மூன்றாம் ஆள் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும் அது சொல்லும். அந்த முகவரியில் உட்கார்ந்திருப்பவர் யோக்கியரா என்று சொல்லாது. எனவே முகவரியைப் படியுங்கள். அரசுத் தளங்களின் முகவரி பொதுவாக, ஆங்கில எழுத்தில், ‘டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். எந்தச் சாட்டிலும், யார் கேட்டாலும், ஓடிபியைக் கொடுக்காதீர்கள். பணம் பறிபோனால் நேரத்தைக் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

ஒரு அம்மா கேட்டார்: “இந்த மாதிரி பக்கத்தைத் திறந்தே வச்சிருந்தா டேட்டாவும் சார்ஜும் தீர்ந்துடாதா?”

டேட்டா பெரிதாகப் போகாது அம்மா. நம்பரும், அந்தப் பிங், பாங்கும் மிகச் சின்னச் செய்திகள். சார்ஜ்தான் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஏனென்றால் ஒவ்வொரு சின்னச் செய்திக்கும் போனின் ரேடியோ விழித்தெழ வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் பக்கத்தை மூடிவிடுங்கள், போதும்.

ஒரு கல்லூரி மாணவர்: “போனைப் பூட்டினா லைன் அறுந்துடும்னு சொன்னீங்க. ஆனா பூட்டியிருக்கும்போதும் மெசேஜ் வருதே சார்?”

நல்ல கேள்வி தம்பி. அது வேறு லைன். ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி லைன் வைத்தால் பேட்டரி தாங்காது என்று, போனின் மென்பொருளே எல்லா ஆப்புக்கும் பொதுவாக ஒரு லைனை வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதைக் கூகுள் நடத்துகிறது, ஐபோனில் ஆப்பிள். 2015-இல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது, அசையாமல் கிடக்கும் போனில் ஆப்புகளின் இணையத் தொடர்பைக் கட்டுப்படுத்தும் முறையும் வந்தது. அதனால் நல்ல சேவை இரண்டையும் வைத்திருக்கும். பக்கம் திறந்திருந்தால் வெப்சாக்கெட், மூடியிருந்தால் அந்தப் பொது லைன் வழியாக அறிவிப்பு. ஆப்பில் ‘அறிவிப்பு அனுப்பட்டுமா?’ என்று கேட்கும்போது முக்கியமான சேவைக்கு மட்டும் சரி சொல்லுங்கள்.

ஒரு பெரியவர்: “எங்க வீட்டு அம்மாகிட்ட பட்டன் போன்தான் இருக்கு. அவங்களுக்கு என்ன வழி?”

நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி ஐயா. ஸ்மார்ட்போனில் தெரிகிற ஒவ்வொரு தகவலுக்கும், அது இல்லாமல் தெரிந்துகொள்ள இன்னொரு வழி இருக்க வேண்டும். சுவரில் பலகை, எஸ்எம்எஸ், கவுன்டரில் ஒரு மனிதக் குரல். ஸ்மார்ட்போன் இருப்பவருக்கும் லைன் அறும்போது அந்த வழிதான் கைகொடுக்கும். எங்கேயாவது அந்த வழியை எடுத்துவிட்டார்கள் என்றால், தயங்காமல் எழுதிக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்தச் சேவையின் ஆப்பாக இருந்தாலும், அதில் கருத்துச் சொல்ல ஒரு பெட்டி இருக்கும். அதில் பெரும்பாலும் நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அடுத்த தடவை நம்பர் காட்டும் பக்கம் எதையாவது திறந்தால், ‘கடைசியாகப் புதுப்பித்த நேரம்’ அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்தப் பெட்டியில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: ‘இந்த நம்பர் எத்தனை மணி நம்பர் என்று காட்டுங்கள்.’ எங்களைப் போன்ற நிரலாளர்களுக்கு அது அரை மணி நேர வேலை. பாட்டி போனை நீட்டிக் கேட்டபோது அந்த ஒரு வரி திரையில் இருந்திருந்தால், பேரனே பத்தே முக்காலுக்கு எழுந்து உள்ளே போயிருப்பான்.